மஞ்சள் குடோன் விளக்குகளை அலாரம் பேனலோடு இணைத்த வேலை

சித்தப்பாவின் மஞ்சள் குடோன் ஈரோட்டுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. முன்னால் ஷட்டர்கள், பின்னால் ஒரு சின்னக் கதவு, லாரி திரும்பும் அளவுக்கு ஒரு யார்டு, சுற்றிலும் காம்பவுண்ட் சுவர். அலாரம் ஏற்கெனவே இருந்தது. ஷட்டர்களுக்கு மேக்னட் சென்சார், உள்ளே ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சார், கதவருகே கீபேட், மேலே சைரன், பேனலுக்குள் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. விளக்குகளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அவை தனியாக ஒரு சாதாரண 24 மணி நேர டைமரில் ஓடின, சாயங்காலம் ஆறரைக்கு எரியும், யார்டு விளக்கு ராத்திரி பத்துக்கு அணையும், சுவர் விளக்கு மட்டும் காலை ஆறு வரை எரியும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரோட்டில் கார்த்திகை மாதம் சூரியன் 5:52-க்கே இறங்கிவிடும், ஆடி வாக்கில் 6:47 ஆகும். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். இரண்டு பக்கமும் உயரமான ஷெட் இருப்பதால் யார்டுக்குள் வெளிச்சம் இன்னும் முன்னாலேயே போய்விடும், அப்படியென்றால் மழைக்கால மாதங்களில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்கள் இருட்டில்தான் மூட்டை தூக்குகிறார்கள். ஆடியில் அதற்கு நேர்மாறாக, பகல் வெளிச்சத்திலேயே விளக்கு எரிகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய பிரச்சினையாகப் பட்டது அந்தப் பத்து மணிதான். மாசி பங்குனியில் வரத்து அதிகமாகும்போது லோடு ஏற்றுவது பத்தைத் தாண்டிப் போவது சகஜம். முதுகில் மூட்டையோடு பலகையில் ஏறிக்கொண்டிருக்கும்போது யார்டு முழுக்கச் சட்டென்று இருட்டாகிவிடும், யாராவது ஓடிப்போய் டைமரைத் திருகிவிட்டு வர வேண்டும். கடைசியாகப் பூட்டிவிட்டுக் கிளம்புவது கணக்கு பார்க்கும் அக்கா. அவர் கீபேடில் நம்பர் போட்டு, பின்கதவைச் சாத்தி, யார்டைக் கடந்து கேட் பக்கம் நிற்கும் தன் ஸ்கூட்டிக்குப் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தத் தூரம் முழுக்க இருட்டு.

"ஏன் கண்ணு, டைமரைப் பதினொன்னுக்குத் தள்ளி வெச்சாப் போதாதா?" என்றார் சித்தப்பா. "வெக்கலாங்க சித்தப்பா, அப்புறம் பதினொன்னே காலுக்கு லோடு முடியற அன்னைக்கு மறுபடியும் இதே கதைதானுங்களே" என்றேன். உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. அந்த இடத்தில் அது தெரிந்த ஒரே சாதனம் அலாரம் பேனல்தான், ஆர்ம் ஆகியிருந்தால் (காவலுக்குப் போட்டிருந்தால்) எல்லோரும் போய்விட்டார்கள், டிஸ்ஆர்மில் (காவலை எடுத்த நிலையில்) இருந்தால் யாரோ வேலை பார்க்கிறார்கள். அதனால் விளக்கைப் போடும் வேலையைச் சூரியனுக்கும் அணைக்கும் வேலையைப் பேனலுக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மொத்த வேலையும் இந்த ஒரு வரிதான், மீதியெல்லாம் வயரிங்.

முதலில் சூரியன் பக்கம். அலாரம் பேனலிலேயே ஷெட்யூல் வசதி இருந்தது, கிழமை வாரியாக நேரம் போட்டு ஒரு அவுட்புட்டை இயக்கலாம். ஆனால் இந்தப் பேனலுக்குக் கடிகார நேரம் மட்டும்தான் தெரியும், அஸ்தமனம் தெரியாது. மாதாமாதம் யாராவது மாற்றினால்தான் உண்டு, அது நடக்காத காரியம். வெளிச்சம் பார்த்து இயங்கும் போட்டோசெல் போடலாம் என்றார் வயர்மேன் அண்ணன். தெருவிளக்குக்கு அது சரி. மஞ்சள் குடோனில் எல்லாவற்றின் மேலும் தூசி படியும், சென்சார் கண்ணாடி மங்கினால் நாளுக்கு நாள் விளக்கு சீக்கிரமாக எரிய ஆரம்பிக்கும். போதாததற்கு யார்டுக்குள் திரும்பும் லாரியின் ஹெட்லைட் வேறு அதன்மேல் அடிக்கும். அதனால் ஆஸ்ட்ரோ டைமர் வாங்கினோம். மின்பெட்டிக்குள் இருக்கும் டின் ரெயில் பட்டையில் மாட்டுகிற டிஜிட்டல் டைமர்தான், ஆனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் அந்த ஊரின் உதயமும் அஸ்தமனமும் ஒவ்வொரு நாளுக்கும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஈரோட்டுக்கு 11.3 வடக்கு, 77.7 கிழக்கு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள், நேர மண்டலத்தில் 5:30 போட முடிகிறதா என்று கடையிலேயே அமுக்கிப் பார்த்துவிடுங்கள். முழு மணி நேரம் மட்டும் ஏற்றுக்கொள்ளும் டைமர் நமக்கு ஆகாது.

நம் பக்கத்தில் அஸ்தமனம் ஆனபின் இருபது நிமிடத்துக்கு மேல் மங்கல் வெளிச்சம் இருக்கும். வெட்டவெளி என்றால் அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் கழித்து எரிய வைத்தாலே போதும். இங்கே ஷெட் நிழல் இருப்பதால் பத்து நிமிடம் முன்னதாக வைத்தேன். காலையில் உதயத்தோடு அணைந்துவிடும், ஈரோட்டில் அது வைகாசியில் 5:54, தையில் 6:44. பழைய டைமர் வருஷம் பூராவும் ஆறு மணிக்கே அணைத்துக்கொண்டிருந்தது, மார்கழி தை விடியலில் வரும் ஆட்களுக்கு அதுவும் இருட்டுதான்.

அடுத்தது பேனல் பக்கம். பெரும்பாலான அலாரம் பேனல்களில் பிஜிஎம் என்று எழுதிய டெர்மினல்கள் இருக்கும், நாம் சொல்லும் நிலைமை வந்தால் இயங்குகிற அவுட்புட் அவை. நேரடியாக விளக்கை இயக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. நடுவில் ஒரு ரிலே வேண்டும், அதன் காயிலில் (கம்பிச்சுருளில்) சின்னக் கரண்ட் ஓடினால் இன்னொரு பக்கம் காண்டாக்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பிஜிஎம் இயங்கும்போது அந்த டெர்மினல் நெகட்டிவோடு சேர்கிறது, அவ்வளவுதான். அதில் சில பத்து மில்லிஆம்பியர்தான் இழுக்கலாம், எவ்வளவு என்று உங்கள் பேனல் மேனுவலில் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட் சின்ன ரிலேயின் காயில் 400 ஓம், அதாவது 30 மில்லிஆம்பியர், எங்கள் பிஜிஎம் அதைத் தாராளமாகத் தாங்கும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். இதை விட்டுவிட்டால் ரிலே அணையும் ஒவ்வொரு தடவையும் காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜ் பேனலுக்குள் போகும், என்றைக்காவது பிஜிஎம் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ரிலேக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில் கொஞ்சம் யோசித்தேன். வெளிச் சாதனங்களுக்குப் பேனல் 12 வோல்ட் கொடுக்கும் ஆக்ஸ் டெர்மினலில் எடுப்பதுதான் வழக்கம். ஆனால் ராத்திரி பத்து மணி நேரம் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு ரிலே மட்டும் பேட்டரியில் 0.3 ஏஎச் தின்றுவிடும், நாலு ரிலே என்றால் 1.2. 7 ஏஎச் பேட்டரியில், அதுவும் இரண்டு வருஷம் ஓடின பேட்டரியில், அது சின்னத் தொகை இல்லை. அந்தப் பேட்டரி சைரனுக்கும் சென்சாருக்கும்தான் சொந்தம். கரண்ட் இல்லாதபோது யார்டு விளக்கு எப்படியும் எரியாது, அப்புறம் அதன் ரிலேயை மட்டும் பேட்டரியில் பிடித்து வைத்திருப்பதில் என்ன பயன்? அதனால் விளக்கு ரிலேக்களுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தேன். அடாப்டரின் நெகட்டிவையும் பேனலின் நெகட்டிவையும் மட்டும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பிஜிஎம் வேலை செய்யாது. பாசிட்டிவ்கள் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது.

இனி யார்டு விளக்கின் தர்க்கம். டைமரின் காண்டாக்ட் வழியாக ஃபேஸ் வரும், அதாவது இருட்டினால். பிறகு அது ஆள் இருக்கும்போது மட்டும் மூடியிருக்கும் ஒரு காண்டாக்டைத் தாண்டி, விளக்கை இயக்கும் காண்டாக்டரின் (பெரிய ரிலே மாதிரி) காயிலுக்குப் போகும். பேனலில் ஒரு பிஜிஎம்மை "ஆர்ம் ஆகியிருந்தால் இயங்கு" என்று புரோகிராம் செய்து, அதன் ரிலேயில் என்சி காண்டாக்டைப் பயன்படுத்த வேண்டும். ரிலே இயங்காதபோது மூடியிருப்பது என்சி, இயங்கும்போது மூடுவது என்ஓ. இதை எதிர்த்திசையில் செய்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் வேலை செய்யும், டிஸ்ஆர்மில் ரிலே இயங்கி என்ஓ காண்டாக்ட் வழியாக எரிய வைக்கலாம். ஆனால் அடாப்டர் செத்தால், ஒரு ஒயர் எலி கடித்து அறுந்தால், பேனலே போனால், என்ஓ வழியில் யார்டு இருட்டாகும். என்சி வழியில் விளக்கு ராத்திரி முழுக்க எரியும். மின்கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் யாரும் இருட்டில் விழமாட்டார்கள். பாதுகாப்புக்கான விளக்கில் எந்தப் பழுது வந்தாலும் அது எரிகிற பக்கம்தான் சாய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பிஜிஎம் எப்போது இயங்குகிறது என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே சோதித்துப் பார்த்துவிட்டேன், மேனுவலில் அந்த இடம் தெளிவாக இல்லை. எங்கள் பேனலில் நம்பர் போட்ட அந்த நொடியே, எக்ஸிட் டிலே (வெளியே போகப் பேனல் கொடுக்கும் அவகாசம்) ஓடத் தொடங்கும்போதே பிஜிஎம் இயங்கிவிடுகிறது. அப்படியே விட்டால் அக்கா கதவைத் தாண்டும் முன்பே யார்டு அணைந்துவிடும். அதனால் நடுவில், கரண்ட் வந்து குறித்த நேரம் கழித்து இயங்கும் ஒரு ஆன்-டிலே டைமர் வைத்தோம், 230 வோல்ட் காயில், மூன்று நிமிடம். ரிலேயின் என்ஓ காண்டாக்ட் அந்த டைமருக்குக் கரண்ட் கொடுக்கும், டைமரின் என்சி காண்டாக்ட்தான் யார்டு காண்டாக்டரின் காயில் வழியில் உட்காரும். ஆர்ம் செய்தால் மூன்று நிமிடம் கழித்து விளக்கு அணையும், டிஸ்ஆர்ம் செய்தால் உடனே எரியும். ரிலே இயங்காவிட்டால் டைமரும் இயங்காது, என்சி மூடியே இருக்கும், ஆக முந்தின பத்தியில் சொன்ன எரிகிற பக்கம் சாய்வது இதிலும் கெடவில்லை. ராத்திரி கரண்ட் போய் வந்தால் யார்டு மூன்று நிமிடம் எரிந்துவிட்டு அணையும், அது நன்மைதான். சுவர் விளக்குக்கு இந்தச் சங்கிலி எதுவும் கிடையாது, ஆஸ்ட்ரோ டைமரிலிருந்து நேராக இன்னொரு காண்டாக்டர்.

காண்டாக்டர் எதற்கு, ரிலேயிலேயே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக: யார்டில் 50 வாட் எல்இடி ஃபோகஸ் லைட் ஆறு, மொத்தம் 300 வாட். ஓடும்போது ஒன்றரை ஆம்பியர்கூட வராது. ஆனால் எல்இடி டிரைவருக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது, சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் அது காலியாக இருப்பதால் ஓடும் கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும், ஆறும் ஒரே நேரத்தில். சின்ன ரிலேயின் காண்டாக்ட் அந்தப் பொறியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் விளக்கு அணையாது, காரணத்தைத் தேடி நாலு பேர் நாலு இடத்தைப் பிரிப்பார்கள். 25 ஆம்பியர் மாடுலர் காண்டாக்டர் போட்டால் இந்தக் கவலை இல்லை, எம்சிபியும் அந்த முதல் இழுப்பைத் தாங்கும் சி கர்வ் வகையாக இருக்கட்டும். காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தது) ஒன்று போட்டுவிடுங்கள், காண்டாக்டர் அணையும்போது கிளம்பும் மின் இரைச்சல் சென்சார் ஒயரில் ஏறாமல் இருக்கும். அதே காரணத்துக்காக 230 வோல்ட் பெட்டி தனி, ரிலே பெட்டி தனி, 12 வோல்ட் ஒயர் தனிப் பைப். ஒரே கேசிங்கில் இரண்டையும் திணிக்கச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை, வயர்மேன் அண்ணனும் ஏற்கவில்லை. 230 வோல்ட் பக்கம் முழுக்க லைசென்ஸ் உள்ள அவர்தான் செய்தார், நான் 12 வோல்ட் பக்கமும் புரோகிராமும் மட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் ட்ரிப் ஆகும் பிரேக்கர்) இருக்கும் இடத்தில், ஃபேஸ் எந்த ஆர்சிசிபி வழியாக வருகிறதோ நியூட்ரலும் அதே வழியாகத் திரும்ப வேண்டும், பக்கத்தில் கிடைத்த நியூட்ரலை இழுத்தால் விளக்கு போட்டதும் ட்ரிப் ஆகும்.

மூன்றாவது ஒரு கூட்டம் விளக்கு, ஷட்டர்களைப் பார்த்தபடி இருக்கும் பெரிய ஃபோகஸ். இவை அலாரம் அடித்தால் மட்டும் எரியும். பிஜிஎம்மை சைரனோடு சேர்த்து இயங்க வைத்தால் சைரன் நிற்கும்போது விளக்கும் அணைந்துவிடும், அந்தச் சமயத்தில்தான் ஆட்கள் வந்து சேருவார்கள். அதனால் அலாரம் மெமரி என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன், யாராவது வந்து டிஸ்ஆர்ம் செய்யும்வரை எரியும், ரோட்டிலிருந்து வருபவருக்கு எந்த குடோன் என்று கேட்காமலே தெரியும்.

கேமராவுக்கும் விளக்குக்கும் உள்ள உறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐஆர் (அகச்சிவப்பு) கேமரா இருட்டில் கருப்பு வெள்ளைக்குப் போய்விடும், சட்டை நிறம் தெரியாது, வண்டி நிறம் தெரியாது. வெள்ளை விளக்கு எரிந்தால் கலர் திரும்பும். ஆனால் விளக்கு கேமராவின் முகத்துக்கு நேரே இருந்தால் ஆள் வெறும் நிழலாகத்தான் பதிவாவார். கேமராவுக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் போக வேண்டும். அதே சமயம் கேமராவுக்கு ஒட்டியும் வைக்கக்கூடாது, பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கட்டும், அந்த வலை ஐஆரில் பளீரென்று ஆடி ராத்திரி முழுக்க மோஷன் அலர்ட் அனுப்பும். சுவர் விளக்குகளை 6500 கெல்வின் வெள்ளையிலிருந்து 3000 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றிக் கேமராவிலிருந்து தள்ளியும் வைத்தோம், பூச்சி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தது.

பின்கதவுக்கு மேலே ஒரு 9 வாட் பல்பு மட்டும் இன்வெர்ட்டர் லைனில். இதற்கு ஆஸ்ட்ரோ டைமர் கிடையாது, இன்வெர்ட்டர் ஃபேஸையும் மெயின் ஃபேஸையும் ஒரே காண்டாக்டில் கலக்கக்கூடாது. என்ட்ரி டிலே (உள்ளே வந்து நம்பர் போடக் கிடைக்கும் அவகாசம்), எக்ஸிட் டிலே ஓடும்போது இயங்கும் பிஜிஎம் இதை எரிய வைக்கும், பகலில் சில நொடி எரிந்தால் நஷ்டமில்லை. கரண்ட் இல்லாத ராத்திரியிலும் கீபேட் முன்னால் வெளிச்சம் வேண்டும் என்பதால் இந்த ஒரு ரிலே மட்டும் பேனலின் ஆக்ஸிலேயே இருக்கிறது.

பேனலின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெயர் போர்டு விளக்கை மட்டும் பேனல் ஷெட்யூலில்தான் விட்டிருக்கிறேன், அதற்கு நேரம்தான் முக்கியம். வெளிநாட்டுப் பேனல்களில் டேலைட் சேவிங் என்று ஒரு வசதி இருக்கும், நமக்குத் தேவையில்லை, அணைத்துவிடுங்கள். அமெரிக்கக் கணக்கில் விட்டிருந்தால் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும், நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பி வரும். சில பேனல்கள் நேரத்தை மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை எண்ணிக் கணக்கிடும், சிலவற்றில் அதை உள்ளே இருக்கும் கிரிஸ்டலுக்கு மாற்றலாம். நம் கிரிட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். ஒரு நாள் முழுக்க 49.90-ல் ஓடினால் கடிகாரம் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பின்தங்கும், கரண்ட் போனால் அந்தக் கணக்கே அறுந்துவிடும். கிரிஸ்டலுக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லா விளக்குக் கூட்டத்துக்கும் மூன்று நிலை செலக்டர் சுவிட்ச் வைத்திருக்கிறோம்: மேனுவல், ஆஃப், ஆட்டோ. மேனுவலில் வைத்தால் டைமர், ரிலே, பேனல் எதையும் கேட்காமல் காண்டாக்டர் நேராக இயங்கும். எந்த நம்பரும் தெரியாத லோடுமேன் ஒருவர்கூட விளக்கைப் போட முடிய வேண்டும். ஆஃப் என்ற நிலை பல்பு மாற்றுபவருக்கு, ஆனால் ஏணியில் ஏறும் முன் எம்சிபியையும் இறக்கச் சொல்லி மூடிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சோதனையைப் பகலிலேயே முடித்துவிடலாம். ஆஸ்ட்ரோ டைமரின் கடிகாரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள், விளக்கு எரிகிறதா பாருங்கள். ஆர்ம் செய்யுங்கள், மூன்று நிமிடம் நில்லுங்கள். பிறகு அடாப்டரைப் பிடுங்கிப் பாருங்கள், யார்டு எரிய வேண்டும். எரியாவிட்டால் எங்கோ என்ஓவில் மாட்டியிருக்கிறீர்கள். மெயினை இறக்கி ஏற்றுங்கள். ஷட்டரைத் திறந்து அலாரத்தை அடிக்கவிட்டு, சைரன் நின்ற பிறகும் ஃபோகஸ் எரிகிறதா பாருங்கள், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு. முடிந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். இதெல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு ராத்திரி அங்கேயே இருந்து, அக்கா பூட்டிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். மழைக்கோட் மாட்டும் நாளையும் சேர்த்தால் மூன்று நிமிடம் இறுக்கம்தான், ஐந்தாக்கினேன். டைமரின் முகப்பில் ஒரு திருகுதான்.

சர்க்யூட் படத்தை லேமினேட் செய்து பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியாகிவிட்டது, ஒவ்வொரு ஒயர் முனையிலும் நம்பர் ஃபெரூல் (நம்பர் போட்ட சின்னக் குழாய்) இருக்கிறது. எடை மேடை ஷெட்டில் இருக்கும் விளக்கு மட்டும் இன்னும் பழைய டைமரில் ஓடுகிறது. யார்டு காண்டாக்டரில் ஒரு போல் (ஒரு ஜோடி காண்டாக்ட்) காலியாக இருக்கிறது, பைப்பும் பாதி தூரம் போட்டு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் அதையும் இதில் சேர்த்துவிட வேண்டும் என்று வயர்மேன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.